கால் தெரிய நின்ற மரம்

இன்று காலை பனி கரைந்த இடத்தில் உன் வீட்டுச் சோற்றுக்கரண்டி கிடந்தது.

கருவிக் கொட்டிலுக்கும் வேலிச் செடிகளுக்கும் நடுவே, பழைய இலைகள் கறுத்து மண்ணோடு ஒட்டிக் கிடந்த மூலையில், அதன் ஓரம் மட்டும் மினுங்கியது. தகரத் துண்டு என்று நினைத்துக் குனிந்து இழுத்தேன். பிடி வந்தது, பிடியிலிருந்த அந்த வளைவும் வந்தது. இப்போது சமையலறை மேசையில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். இன்னும் கழுவவில்லை. குழிவில் சாம்பல் நிறக் களிமண் அப்பியிருக்கிறது. அறையின் சூட்டில் அது காயக் காய ஒரு மணம் எழுகிறது. ஈரமண்ணும் புளித்த இலையும் கலந்த மணம். இரண்டு குளிர்காலங்களுக்கு முன், ஓர் ஒக்டோபரில், மூன்று நாள் என் முகம் இந்த மணத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் உன் மனைவி இந்தக் கரண்டியைத் தேடினார். "குசினிக்குள்ளை இருந்த கரண்டிக்குக் கால் முளைச்சிட்டுதோ?" என்று என் மனைவியிடம் வந்து கேட்டார். நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேத்தண்ணீர் குடித்தோம்.

நான் இரங்கல் குறிப்புகள் எழுதிப் பழகியவன். யாழ்ப்பாணத்தில் நாளிதழில் இருந்தபோது எழுதினேன். இங்கே, நோர்வேக்கு வந்த பிறகு, விடியலில் தபால் பிரிக்கும் வேலையை முடித்துவிட்டு வந்து, புலம்பெயர்ந்தோர் பத்திரிகைகளுக்கு எழுதினேன். பிறந்த இடம், செய்த தொழில், பழகிய விதம், விட்டுச் சென்றவர்கள். அரை மணி நேரம் போதும். போன வருடம் மே மாத முடிவில் நீ போனபோது, இங்குள்ள சஞ்சிகையின் ஆசிரியர் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒரு முழுப் பக்கம் விட்டு வைக்கிறன் அண்ணை." எழுதித் தருகிறேன் என்றேன். தரவில்லை. இரங்கல் குறிப்பில் போனவரைப் பற்றி இருப்பவர்களுக்குச் சொல்கிறோம். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது உன்னிடம். நீ ஒரு செய்தியைக் கேட்டபடி இருந்தாய். அது வந்து சேர்ந்தபோது நீ இல்லை. ஒரு நிருபனுக்கு இதைவிடப் பெரிய தாமதம் இருக்க முடியாது.

ஆகவே தொடக்கத்திலிருந்து, வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் நீ குறுக்கே வந்து திருத்துவாய்.

நீ மரம் வைத்த வருடம் எல்லோரும் ஊருக்குப் போகும் பேச்சில் இருந்தோம். போர்நிறுத்தம் கைச்சாத்தாகி, சமாதானப் பேச்சுகள் தொடங்கியிருந்தன. எங்கள் கடைகள் உள்ள குறொன்லாண்டில் மரக்கறி வாங்கப் போனால், கத்தரிக்காயை அமத்திப் பார்த்தபடியே ஆட்கள் ஊர்க்காணியின் எல்லை வேலியைப் பற்றிக் கதைத்தார்கள். நான் பேச்சு நடந்த விடுதிகளின் வாசல்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்று, உள்ளே போய் வருகிறவர்களின் முகங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிலின் கீழ் கிடந்த பெரிய பெட்டியை இழுத்து அறை மூலையில் நிமிர்த்தி வைத்திருந்தேன். அதில் இரண்டு சட்டையும் ஒரு குடையும்தான் இருந்தன. ஆனாலும் பெட்டி நின்றது.

ட்வெய்ட்டாவுக்கு மேலே, மேட்டுச் சரிவில், ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. பின் வளவுக்கு நடுவில் நாம் வேலி போடவில்லை. செப்ரெம்பர் மாதத்து ஒரு பின்னேரம் நீ வேலையால் வந்தாய், கையில் பெயின்ற் வாளியொன்று. வாளிக்குள் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு கன்று. முழங்கால் உயரம். ஒன்பது இலைகள்; எண்ணினேன்.

"எங்கையிருந்து அண்ணை கொண்டு வாறியள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"வேலையிடத்திலை."

நீ கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டி, இலை கூட்டி, பனிக்காலத்தில் பாதை துப்பரவாக்கும் வேலையில் இருந்தாய். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"சேமக்காலையிலையிருந்தோ! ஐயோ அண்ணை, அங்கத்தைச் சாமான் வளவுக்குள்ளை வரப்படாது."

"நான் கேட்டுத்தான் தங்கச்சி எடுத்தனான். அங்கை படுத்திருக்கிறவை ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

சிறகில் நீலம் தெரியும் ஒரு பறவை, இலையுதிர்காலத்தில் ஓக் விதைகளைக் கொண்டுபோய் அங்கங்கே மண்ணில் புதைக்கும். சிலவற்றை மறந்துவிடும் என்று நீ சொன்னாய். அப்படி மறந்த ஒன்று யாரோ ஒருவரின் நடுகல்லுக்குப் பக்கத்தில் முளைத்து மூன்று வயதாகியிருந்தது. கல்லைச் சாய்த்துவிடும், பிடுங்கிவிடு என்று உன் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஆணிவேர் அறாமல் எடுக்க உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் பிடித்தது.

வீட்டுச் சுவரிலிருந்து நடந்து நடந்து அளந்தாய். பன்னிரண்டு எட்டில் நின்றாய். பிறகு கிடங்கு வெட்டத் தொடங்கினாய். அகலமாக, மிக அகலமாக. ஆனால் வேரின் உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூட ஆழமில்லாமல். நான் கோப்பிக் கோப்பையோடு படியில் நின்றேன்.

"என்ன மச்சான் இது?"

"ஐக்." இங்குள்ளவர்கள் ஓக் மரத்துக்குச் சொல்லும் பெயரைத்தான் நீ எப்போதும் சொல்வாய்.

"விதை போட எத்தினை வருசம் எடுக்கும்?"

"முப்பது, நாப்பது எண்டு சொல்லுகினம்."

"விசரே உனக்கு? சனமெல்லாம் ஊருக்குப் போகப் பெட்டி கட்டுது. நீ நாப்பது வருசத்துக்கு இஞ்சை கிடங்கு வெட்டுறாய்."

"போறவன் மரம் வைக்கப்படாதெண்டு ஒப்பந்தத்திலை எழுதிக் கிடக்கோ? நீதானே முழுக்க வாசிச்சனி."

நீ பகிடியாகத்தான் சொன்னாய். எனக்குச் சுட்டது. "உனக்குப் போற எண்ணமே இல்லை. எல்லாம் வாயாலைதான்," என்றேன். நீ முழந்தாளிட்டு, மண்ணைக் காலால் மிதிக்காமல் உள்ளங்கையால் அமத்திக்கொண்டிருந்தாய். சற்று நேரம் கழித்து, தலை நிமிர்த்தாமல், "மச்சான், ஒரு வாளி தண்ணி கொண்டு வா," என்றாய்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். யன்னலால் பார்த்தபோது உன் மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மரத்தின் முதல் தண்ணீரைக் கொடுக்க மறுத்தவன் நான். இதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் நான் செய்த பிழைக்கு இதுதான் விதை என்று இப்போது தோன்றுகிறது.

பேசாமல் எத்தனை நாள் இருந்தோம் என்று நினைவில்லை. முதற்பனி விழுந்த காலை, நீ உன் வாசலிலிருந்தும் நான் என் வாசலிலிருந்தும் பனியை வழித்துக்கொண்டு வந்தோம். நடுவில் இரண்டு சவள்களும் முட்டின. "உன்ரை பக்கம் கோணலாய்க் கிடக்கு," என்றாய். அதோடு முடிந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் நான் அந்த மரத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பேர்ச், மேப்பிள், பக்கத்து வளவு அப்பிள் எல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நின்றன. உன் கன்று மட்டும் ஒன்பது இலைகளையும் விடவில்லை. அவை பழுப்பாகி, காய்ந்து, சுருண்டு, கிளையிலேயே இருந்தன. பனி பெய்யும் பின்னேரங்களில், மூன்று மணிக்கே வெளிச்சம் நீலமாகி மேடு முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியதுபோல் இருக்கும்போது, யன்னலைத் திறந்தால் ஒரு சிறு சரசரப்புக் கேட்கும். யாரோ தாள்களைப் புரட்டுகிற மாதிரி. வேறு சத்தமே இருக்காது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நேரம் மூடுபனிக்குள் மரம் மறைந்து சத்தம் மட்டும் நிற்கும். அது வளவைச் சுற்றி மெல்ல நடந்து திரிவதாகத் தோன்றும். இதை உன்னிடம் சொன்னபோது, "நடந்தால் நல்லதுதானே. பன்னிரண்டு எட்டுக்கு வெளியிலை நடக்கட்டும்," என்றாய்.

அடுத்தடுத்த வருடங்களில் நீ செய்தவை மிகக் குறைவு. காட்டோரத்திலிருந்து இறங்கிவரும் சிறுமான்கள் நுனியைக் கடிக்காமல் கம்பி வலை சுற்றினாய். முதல் வருடம் ஒரு தடியில் தளர்வாகக் கட்டி வைத்தாய். மறு வருடம் அவிழ்த்துவிட்டாய். காற்று ஆட்டினால்தான் அடி தடிக்கும் என்றாய். மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல்லை எடுத்து மரச்சீவல் பரப்பினாய். அதையும் தண்டில் படாமல் ஒரு கை அகலம் தள்ளித்தான். என் மனைவி யன்னலால் பார்த்து, "உங்கடை சினேகிதர் கண்டறியாத மரத்துக்கு வளவிலை பாதியைக் குடுத்திட்டார். நான் ரெண்டு மிளகாய்க் கண்டு வைக்க இடமில்லை," என்பாள்.

பேச்சுகள் முறிந்தன. மீண்டும் போர் என்று நானே எழுதினேன். அன்று பெட்டியைப் படுக்கவைத்துக் கட்டிலின் கீழ் தள்ளினேன். அந்தச் சத்தம் சுவருக்கு அப்பால் உனக்குக் கேட்டிருக்கும். நீ வந்து கதவைத் தட்டி, "வா, புல்லுப் பிடுங்குவம்," என்றாய். ஓக் என் தோளளவு வளர்ந்திருந்தது.

பிறகு உன் மகளுக்கு ஸ்தவாங்கரில் குழந்தை பிறந்தது. மருமகன் கடலுக்குள் எண்ணெய் மேடையில் வேலை. ஒருமுறை போனால் இரண்டு கிழமை அங்கே. உனக்கு முதுகு நோ தொடங்கி, வேலையிலிருந்து ஓய்வில் நின்ற காலம். நீயும் மனைவியும் ஏப்ரலில் போய் ஒக்டோபரில் திரும்புவதாக ஏற்பாடு. படியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டியபடி சொன்னாய்:

"மச்சான், மரம் உன்ரை பொறுப்பு."

"என்ன செய்யவேணும் சொல்லு."

"ஒண்டும் செய்யாதை. மழை பெய்யாட்டி மட்டும் கிழமைக்கு ஒருக்கால் ஆழமாய்த் தண்ணி. ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுதான் உனக்குக் கஷ்டம். தெரியும்."

தெரிந்தும் என்னிடம் விட்டுப் போனாய்.

நான் நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரரின் மகன். என் கைக்குத் தெரிந்த விவசாயம் ஒன்றுதான். அடியைச் சுற்றிப் பாத்தி கட்ட வேண்டும். பின்னேரம் பின்னேரம் தண்ணீர் விட வேண்டும். எரு போட வேண்டும். மண்ணை வெட்டி அடியோடு அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் மரம் சாயும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை; பல் விளக்குவதுபோல் வந்து சேர்ந்தது. மே மாதத்தில் ஓக் துளிர்த்து, இலைகள் விரிந்து, பச்சை பிடித்ததும் என் கை துருதுருத்தது. அத்தோடு, கதவைச் சாத்திய அந்தப் பின்னேரம் உள்ளே கிடந்தது. ஒரு வாளி மறுத்தவன் நூறு வாளி கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன் போலும். அப்போது அப்படிச் சொற்களில் நினைக்கவில்லை.

மரச்சீவலை அகற்றிப் பாத்தி கட்டினேன். கோழி எருக் குருணையை இரண்டு பை கொட்டினேன். வேலியோரத்து மண்ணை வெட்டி வந்து தண்டைச் சுற்றி முழங்கால் உயரம் குவித்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டிக் கூம்பாக்கினேன். அழகாக இருந்தது. ஜூன் மாதத்துப் பின்னேரங்கள் உனக்குத் தெரியும். சூரியன் போக மனமில்லாமல் கூரைகளின் மேல் சாய்ந்தபடி இருக்கும். பாத்தியில் விட்ட தண்ணீரில் வானம் கிடக்கும். நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மேட்டுக் களிமண்ணில் அது இறங்கவேயில்லை. அதில் மேகங்கள் மெல்லப் போய்க்கொண்டிருந்தன. நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அந்த மகிழ்ச்சியை இப்போதும் என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். "செவ்வாய், மாலை, மூன்று வாளி. புதன், மாலை, மூன்று வாளி, எரு. வியாழன், மழை, ஆயினும் ஒரு வாளி."

ஓகஸ்டில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. நடு நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சள். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நான்கு வாளி ஆக்கினேன். உச்சி இலைகள் காய்ந்தன. அன்று நீ ஸ்தவாங்கரிலிருந்து பேசினாய். பின்னால் குழந்தை அழுதது.

"மரம் எப்பிடி?"

"நல்லாக் கிடக்கு," என்றேன்.

முப்பது வருடத்துக்கு மேல் செய்தி எழுதினேன். தவறாகப் போனவை உண்டு. தெரிந்துகொண்டே பிழையாகச் சொன்னது அந்த இரண்டு சொற்கள்தான்.

ஒக்டோபரில் நீ வந்தாய். மெலிந்திருந்தாய், குழந்தைக்கு இரவு பகல் இல்லை, நித்திரை இல்லை என்றாய். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே பின் வளவுக்குப் போனாய். நான் பின்னால் வந்தேன். நீ மரத்தின் உச்சியைப் பார்க்கவில்லை. அடியைப் பார்த்தாய்.

"மச்சான், இதின்ரை கால் எங்கை?"

எனக்கு விளங்கவில்லை.

"மரம் மண்ணுக்குள்ளை போற இடத்திலை அடி விரிஞ்சு வேராய்ப் பிரியவேணும். அது வெளியாலை தெரியவேணும். எங்கடை மேற்பார்வைக்காரி சொல்லுறவ, கால் தெரிய நிக்கிற மரம்தான் மூச்சு விடும் எண்டு. இது கரண்ட் கம்பம் மாதிரியெல்லோ நிக்குது." கூம்பை ஒருமுறை சுற்றி வந்தாய். முகம் மாறியது. "மண் அணைச்சனியோ? வாழைக்குட்டி எண்டு நினைச்சியோ, நீர்வேலியான்?"

நான் வேறு வழியில்லாமல் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தேன். நீ கண்ணாடியைப் போட்டு முதற் பக்கத்திலிருந்து வாசித்தாய். "வியாழன், மழை, ஆயினும் ஒரு வாளி" என்ற இடத்தில் உன் தோள் குலுங்கியது. "ஆயினும்!" என்றாய். "கொலை செய்தவன் தானே வாக்குமூலம் எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைச்சிருக்கிறான்." சிரித்துச் சிரித்து முதுகைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்துவிட்டாய். நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது.

நான் மண்வெட்டியை எடுத்தேன். "அதை அங்கை வை. பட்டையிலை பட்டால் அதோடை முடிஞ்சுது," என்றாய். உன் சமையலறைக்குள் போய், மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இந்தச் சோற்றுக்கரண்டியைக் கொண்டுவந்தாய்.

மூன்று நாள். நீ குனிய முடியாதவன். வாளியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாய். நான் குப்புறப் படுத்துக் கரண்டி கரண்டியாக மண்ணை எடுத்தேன். தண்டைத் தொடும் இடத்தில் விரலால் வழித்தேன். ஈரம் கோத்த மண் புளித்து நாறியது. இரண்டாம் நாள் ஒரு கல்லை நெம்பும்போது பிடி வளைந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை கறுத்து அழுகியிருந்த இடம் தெரிந்தது, வடக்குப் பக்கம். நீ எட்டிப் பார்த்து, "சுத்திவர இல்லைத்தானே?" என்றாய். இல்லை. ஒரு பக்கம்தான். "அப்ப பாப்பம்." இன்னும் இரண்டு கரண்டி. தண்டு மெல்ல அகன்று, மூன்று வேர்களாக, மூன்று விரல் ஊன்றிய கைபோல் மண்ணுக்குள் இறங்கும் இடம் வந்தது.

"இந்தா, கால் வந்திட்டுது," என்றாய். யாரையோ நீண்ட பயணத்திலிருந்து வரவேற்பதுபோல் இருந்தது உன் குரல்.

பிறகு, நான் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தபோது, கேட்டாய்:

"ஓகஸ்டிலை கேட்டனான். நல்லாக் கிடக்கு எண்டனி. ஏன்?"

"பயந்திட்டன்."

"செய்திக்காரன் பயந்தால் நாங்கள் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" கொஞ்சம் பொறுத்து, "இனிமேல் கேட்டால் உள்ளதைச் சொல்லு. கெட்டதெண்டாலும் சொல்லு. எனக்கு நீ அதுக்குத்தான் வேணும்."

ஓம் என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் உன் முதுகு நோவுக்கு வைத்தியர்கள் வேறு பெயர் சொன்னார்கள். அதைப் பற்றி நீ என்னிடம் அதிகம் கதைக்கவில்லை, நான் கேட்கவுமில்லை. ஏப்ரலில் உன்னை வைத்தியசாலையில் வைத்துக்கொண்டார்கள். யன்னலுக்கு வெளியே ஒரு பேர்ச் நின்றது. மே தொடக்கத்தில் அது ஒரே நாளில் பச்சையாகியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், பகல் பன்னிரண்டு மணிபோல், உன் தொலைபேசி வரும்.

"வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"இஞ்சை பேர்ச் வந்திட்டுது."

"பேர்ச்சுக்கு அவசரம். ஓக் எல்லாத்துக்கும் பிந்தித்தான் வரும் எண்டு நீதானே சொன்னனி."

"நான் சொன்னதை எனக்குச் சொல்லாதை."

இந்த நாட்டின் தேசிய நாளான மே பதினேழும் வந்து போனது. மேடு முழுவதும் கொடிகள். பிள்ளைகளின் ஊதுகுழல் சத்தம். மற்ற மரங்களெல்லாம் உடுத்திக்கொண்டு நின்றன. ஓக் போன வருடத்துக் கருகல் இலைகளோடு அப்படியே நின்றது. நான் நகத்தால் ஒரு கிளையின் தோலை மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். கீழ்க்கிளையில் தோலுக்கு அடியில் பச்சை இருந்தது. உச்சியில் இல்லை, தவிட்டு நிறம். இரண்டையும் உன்னிடம் சொன்னேன். "உச்சி போச்சு எண்டு நினைக்கிறன். கீழ்க்கிளை உயிரோடை கிடக்கு." "சரி. உள்ளதைச் சொன்னாய்," என்றாய்.

அந்தக் கிழமை உன்னைப் பார்க்க வந்தபோது, ஒரு கேள்வியைக் கேட்டேன். ஏழு வருடத்துக்கு மேல் வைத்திருந்த கேள்வி. "அண்டைக்கு ஏன் மச்சான் நட்டனி? போறேல்லை எண்டு முடிவெடுத்துத்தானே?"

நீ யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பேர்ச் இலைகளின் நிழல் படுக்கை விரிப்பில் அசைந்தபடி இருந்தது; உன் கை அந்த நிழலுக்குள் கிடந்தது.

"ஒரு முடிவும் எடுக்கேல்லை. கண்டு கையிலை கிடந்தது. வளவிலை இடம் கிடந்தது. நீ பெட்டி கட்டினாய், நான் கிடங்கு வெட்டினன். எங்கள் ரெண்டு பேருக்கும் கை சும்மா இருக்கேலாமல் போச்சு. அவ்வளவுதான்."

நான் எத்தனையோ பேரிடம் நேர்காணல் எடுத்திருக்கிறேன். இதைவிட நேரான பதில் கேட்டதில்லை.

கடைசித் தொலைபேசி ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணி கடந்திருந்தது. நான் மரத்தடியில் நின்றுதான் பேசினேன். உன் குரல் தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"வந்திட்டுதோ?"

என் முன்னால் கிளை இருந்தது. மொட்டுகள் இறுகித் தவிட்டு நிறத்தில் இருந்தன. உண்மையிலேயே சற்றுப் பருத்திருந்தனவா, என் கண்தான் அப்படிப் பார்த்ததா தெரியவில்லை. ஓம் என்று ஒரு சொல். சொல்லியிருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. நாக்கு நுனிவரை வந்தது. கீழே பார்த்தேன். மூன்று வேரும் வெளியே தெரிய மரம் நின்றது.

"இன்னும் இல்லை, மச்சான்."

பிறகு ஒரு மூச்சு; சிரிப்பின் பாதி.

"அப்ப நேரம் கிடக்கு," என்றாய்.

வெள்ளிக்கிழமை விடியலில் போய்விட்டாய்.

நீ வேலை செய்த தோட்டத்திலேயே இடம் கிடைத்தது. பாதிரியார் செபம் சொன்னார். உன் பேத்தி, தன் தாயின் தோளில் நித்திரையாகிவிட்டாள். உன் மேற்பார்வையாளர் வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் நின்றார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது என்னிடம் வந்து நோர்வேஜிய மொழியில் மெதுவாகக் கேட்டார், அந்த ஓக் எப்படி என்று. இன்னும் இல்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, பாதையோரத்தில் சாய்ந்திருந்த ஒரு மலர்வளையத்தை நிமிர்த்தி வைத்துப் போனார்.

அதன் பிறகு சில நாள் நான் பின் வளவுக்குப் போகவில்லை. யன்னல் திரையை விலக்கவுமில்லை. ஒரு காலை என் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"வந்து பாருங்கோ எண்டுறன். அண்ணையின்ரை மரம்."

கண்டறியாத மரம் என்று அவள் சொல்லவில்லை. ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி யன்னலடியில் நின்றாள். நான் செருப்பில்லாமல் இறங்கிப் போனேன். புல் ஈரமாக இருந்தது. மெல்லிய மழைத்தூறலுக்குள் மரம் பாதி கரைந்து நின்றது. கிட்டப் போனேன். பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்து தொலைபேசியை எடுத்து, உன் வைத்தியசாலை அறை இலக்கத்தில் பாதி அழுத்திவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. மிச்ச இலக்கங்களை அழுத்தாமல் கொஞ்ச நேரம் அந்த இரைச்சலைக் கேட்டபடி நின்றேன்.

ஆகவே இதுதான் செய்தி. பிந்திய செய்தி, ஆனால் உள்ளபடி.

வந்துவிட்டது. ஜூன் மாதம் முதற்கிழமை, காலை எட்டு மணிக்குச் சற்று முன். மேற்குப் பக்கம், கீழிருந்து இரண்டாம் கிளை. முதல்நாள் ஐந்து இலை. பச்சை இல்லை, செம்பு நிறம், குழந்தையின் உள்ளங்கைபோல் மடிந்து, ஈரத்தோடு. மறுநாள் தெற்குப் பக்கக் கிளை. கிழமை முடிவதற்குள் மரத்தின் பாதி. உச்சி வரவில்லை. நான் தொலைபேசியில் சொன்னதுபோல் அது காய்ந்துதான் போனது. குளிர்காலத்தில், மரம் உறங்கும் நேரம் பார்த்து, அதை உயிருள்ள இடம்வரை அறுத்து எடுத்தேன். பக்கக் கிளை ஒன்று நிமிர்ந்து அதன் இடத்தை எடுக்கப் பார்க்கிறது, கொஞ்சம் கோணல். வடக்குப் பக்கத்துக் காயத்தின் ஓரம் தடித்து உள்நோக்கி வளர்கிறது. போன கோடையில் நான் தண்ணீர் விட்டது நான்கே தடவை. எழுதி வைத்திருக்கிறேன். 'ஆயினும்' என்ற சொல் அந்தப் பக்கங்களில் இல்லை.

கரண்டியை உன் மனைவியிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று காலையில் நினைத்தேன். சுவரைத் தட்டினேன், வந்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்தார். வளைந்த பிடியைத் தடவினார். "கள்ளர்," என்றார். சிரித்தார். பிறகு, "வைச்சிருங்கோ அண்ணை. உங்களுக்குத்தானே வேலை கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை கிடக்கிறது. ஒவ்வொரு இலையுதிர்காலமும் காற்று இலையையும் மண்ணையும் கொண்டுவந்து அடியில் சேர்க்கிறது. எறும்புகள் தம் பங்குக்குக் குவிக்கின்றன. பனி கரைந்ததும் போய்க் குந்தியிருந்து, கரண்டியால் வழித்து, விரலால் தடவி, கால் தெரியச் செய்ய வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது. எழுதும்போதும் இப்போது அப்படித்தான் செய்கிறேன் என்று நினைக்கிறேன். நான் அள்ளிக் குவித்ததை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன், உள்ளது எங்கே நிற்கிறது என்று.

இன்றும் போனேன். ஏப்ரல் வெளிச்சம் பலவீனமாக, பால் கலந்ததுபோல் மேட்டில் கிடந்தது. போன வருடத்துப் பழுப்பு இலைகள் கிளையை விடாமல் சரசரத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கேட்டேன். மூன்று வேரும் தெரிகின்றன. மொட்டுகள் இறுகியிருக்கின்றன. பேர்ச்சில்கூட ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணியாகிறது. நீ கேட்கும் நேரம்.

இன்னும் இல்லை, மச்சான்.